மாலை போடாத படம்

நெய் கருகும் வாசனை வந்துவிட்டால் எங்கள் வீட்டில் யாராலும் சும்மா இருக்க முடிவதில்லை. போன வாரம் அடுப்பில் வெண்ணெய் உருகிக்கொண்டிருந்தது. அப்பாவின் முதல் திதிக்குப் பந்தல்காரரோடு பேச நான் வாசலுக்குப் போன நேரத்தில் அடிபிடித்து, அந்த வாசனை கூடம் முழுக்க ஏறி நின்றது. உள்ளறையில் படுத்திருந்த அம்மா கண்ணைத் திறக்காமலேயே கேட்டார்:

"யாருடி அது, மறுபடியும் பந்தம் கொளுத்தறது?"

சிரித்துவிட்டேன். அடுப்பை அணைத்துவிட்டு, கரிந்த சட்டியைத் துணியால் பிடித்தபடி அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டேன். ஓராண்டுக்கு முன் இதே வாசனைதான் எங்கள் வாசலில் நின்றது. அப்பாவின் பேரப்பிள்ளைகளும் கொள்ளுப்பிள்ளைகளும் ஆளுக்கொரு நெய்ப்பந்தம் பிடித்து அவரைச் சுற்றி வந்தார்கள். எங்கள் வம்சத்தில் ஓர் ஆணுக்கு நெய்ப்பந்தம் பிடித்தது அதுதான் முதல் முறை.

நெய்ப்பந்தம் எல்லோருக்கும் பிடிப்பதில்லை. பேரன் பேத்தி எடுத்து, வாழ்ந்து முடித்துப் போகிறவருக்கு அவர்கள் கையால் காட்டும் வெளிச்சம் அது. எங்கள் வீட்டு ஆண்கள் அந்த வெளிச்சம் வருவதற்கு முன்பே கிளம்பிவிடுகிறவர்கள். அப்பா மட்டும் எண்பத்து நான்கு வயது வரை இருந்தார். எப்படி இருந்தார் என்பதைத்தான் இந்த நினைவு மலரைக் கையில் வாங்கும் உங்களுக்குச் சொல்ல வேண்டும். சொல்லப் போனால் அது ஒரு புகைப்படத்தின் கதை.

அப்பா செலியமேட்டில் பிறந்தார். பிரெஞ்சுக்காரர் கொடி பறந்த காலம். பாகூர் ஏரித் தண்ணீர் பாயும் நிலம், கொஞ்சம் நெல், கொஞ்சம் கரும்பு, ஒரு ஜோடி மாடு. அவருக்குப் பதினாறு வயதாகும்போது தாத்தா போனார். சொர்ணவாரிப் பருவ நெல் நடவுக்கு ஏர் ஓட்டிக்கொண்டிருந்தவர் மாட்டை நிறுத்தினார், மேழியைப் பிடித்தபடியே சாய்ந்தார். ஐம்பது ஆகவில்லை. அவருடைய தந்தையும் அப்படித்தான். கரும்புக் கட்டைத் தூக்கித் தலையில் வைத்தார், நடக்கவில்லை.

"அந்த வூட்டு ஆம்பளைங்க படுத்துக் கெடக்க மாட்டானுங்கப்பா. நின்ன எடத்துலயே போயிடுவானுங்க" என்று ஊர் பெருமையாகவே பேசியது. அதே ஊர் எங்கள் வீட்டுக்குப் பெண் கொடுக்கும்போது மட்டும் தயங்கியது.

தயங்காத ஒருவர் சோரியாங்குப்பத்தில் இருந்தார், அம்மாவின் தந்தை. அவர் வீட்டில் கிழவர்களும் கிழவிகளும் தொண்ணூறைத் தாண்டியும் மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தார்களாம். "பொண்ணோட சீர்ல எங்க வூட்டு ஆயுசயும் கொஞ்சம் கட்டி அனுப்பறேன், கவலப்படாதீங்க" என்று சொல்லித்தான் பெண்ணைக் கொடுத்தார். இந்தச் சீர்வரிசைப் பேச்சை அம்மா அப்பாவின் கடைசி நாள் வரை விடவில்லை. அப்பாவுக்குத் தும்மல் வந்தால்கூட, "எங்கப்பா குடுத்த ஆயுசு, பாத்து செலவு பண்ணுங்க" என்பார்.

தந்தை இல்லாத அப்பாவை வளர்த்து ஆளாக்கியவர் பெரியப்பா. படிப்பை நிறுத்தியது அப்பாவுக்கு வருத்தம்தான். ஆனால் அண்ணனோடு சேர்ந்து சேறு மிதித்த ஆண்டுகளை அவர் ஒருபோதும் கஷ்டம் என்று சொன்னதில்லை. "எங்கண்ணன் முன்னால போவும், நான் அது கால் வச்ச பள்ளத்துலயே கால் வைப்பேன்" என்பார். இறவை மாட்டை விற்று மோட்டார் போட்டதும், கரும்புப் பாத்தியை அகலப்படுத்தியதும், எங்களுக்கு ஓடு மாற்றி மாடி கட்டியதும் எல்லாமே அண்ணன் தம்பி இருவரின் நான்கு கைகளால் நடந்தவை.

அந்த நான்கு கைகளில் இரண்டு ஒரு நாள் காலையில் டீக்கடை பெஞ்சில் விழுந்தன. பெரியப்பா கிளாஸைக் கையில் வாங்கினார், குடிக்கவில்லை. அவருக்கும் ஐம்பது ஆகவில்லை.

கருமாதிக்குப் படம் வைக்க வேண்டும். தேடினால் பெரியப்பாவுக்குத் தனியாக ஒரு படம்கூட இல்லை. யாருடைய கல்யாணத்திலோ கூட்டத்தின் பின்வரிசையில் நின்ற படம் ஒன்று கிடைத்தது. பாகூர் ஸ்டுடியோவில் அந்த முகத்தை மட்டும் வெட்டிப் பெரிதாக்கித் தந்தார்கள். மார்கழிப் பனிக்குள் நிற்கும் ஆள் போல இருந்தது. மாலை போட்டு, பொட்டு வைத்து, விளக்கேற்றிய பிறகு பெரியப்பாவின் கடைசி மகள் அப்பாவின் வேட்டியைப் பிடித்து இழுத்துக் கேட்டாள்:

"சித்தப்பா, இது யாரு?"

அந்தக் கேள்வி அவருக்குள் எங்கோ இறங்கிவிட்டது. அடுத்த சில வாரங்களில் ஒரு நாள், இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையோடு, யாரிடமும் சொல்லாமல் பாகூருக்குப் போனார். திரும்பி வந்தபோது நெற்றியில் விபூதி, முகத்தில் பவுடர். எங்கே போனீர்கள் என்று அம்மா கேட்டதற்கு, "உரம் பாக்க" என்றாராம். உரக்கடைக்குப் பவுடர் போட்டுக்கொண்டு போன மனிதரை அம்மா அன்றைக்கே குறித்து வைத்துக்கொண்டார்.

பொங்கலுக்கு வெள்ளையடிக்க நெல் குதிர்களை நகர்த்தியபோது குட்டு உடைந்தது. பழைய வேட்டியில் சுற்றிய ஒரு பொருள். அம்மா பிரித்தார். நான் பள்ளி இறுதியாண்டில் இருந்தேன். பக்கத்திலேயே சுண்ணாம்பு வாளியோடு நின்றேன். கண்ணாடிச் சட்டத்துக்குள் அப்பா. தலை வாரி, நேராகப் பார்த்துக்கொண்டு, கொஞ்சமும் சிரிக்காமல். சட்டத்தின் மேலே ஆணியில் மாட்ட வளையம். கீழே விளக்கு வைக்க ஒரு சின்னப் பலகைகூட அடித்து வைத்திருந்தார்.

அம்மா அந்தப் படத்தைத் தூக்கிக்கொண்டு மாட்டுக்கொட்டகைக்கே போனார்.

"யோவ், இன்னாய்யா இது?"

அப்பா வைக்கோலை உதறிக்கொண்டே, "படம்" என்றார்.

"படம்னு தெரியுது. யாரு செத்ததுக்கு?"

"இப்ப இல்லடி. ஆவும்போது தேட வேணாம்ல? எங்கண்ணனுக்கு ஆன மாதிரி எனக்கும் ஆவக் கூடாது. நம்ம புள்ளைங்க நாளிக்கு இது யாருன்னு கேக்கக் கூடாது."

"வெளக்கு பலகவேற அடிச்சி வச்சிகிற! எண்ணெயும் வாங்கி வச்சிட்டியா?"

"அத்த நீ வாங்கிக்க மாட்டியா?" என்று அப்பா கேட்டார். வேடிக்கையாக அல்ல, உண்மையிலேயே கேட்டார். அதுதான் பயங்கரம். அவர் மனதில் எல்லாமே முடிவாகியிருந்தது. தாத்தாவின் வயது, பெரியப்பாவின் வயது, அடுத்து தன் வயது. நெல் விதைத்தவன் அறுப்பு மாதத்தைச் சொல்வது போல அவர் தன் சாவைச் சொன்னார். அதற்கு முன் எனக்கு மாப்பிள்ளை பார்த்து முடித்துவிட வேண்டும் என்று இரண்டு இடத்தில் சொல்லியும் வைத்திருந்தார். அதுவும் அன்றைக்குத்தான் வெளியே வந்தது.

அம்மா அழவில்லை. நேராகக் கூடத்துக்கு வந்தார். காலண்டருக்குப் பக்கத்தில் ஆணி அடித்தார். விளக்குப் பலகையைச் சுத்தியாலேயே தட்டிப் பெயர்த்து அடுப்பில் போட்டார். படத்தை மாட்டினார். மாலை இல்லை, பொட்டு இல்லை.

"உசுரோட இருக்கறவரு படமாவே இங்க இருக்கட்டும். தெனமும் பாருங்க. எப்ப மால போடறதுன்னு நான் சொல்றேன். நீங்க சொல்ல வேணாம்."

மறு வாரமே அம்மா அப்பாவைப் பட்டணத்து ஆஸ்பத்திரிக்கு அழைத்துக்கொண்டு போனார். போர்டு படிக்க ஆள் வேண்டும் என்று என்னையும் கூட்டிக்கொண்டார். அப்பா போகும் வழியெல்லாம், "எனக்கு இன்னா நோவு? நாலு மூட்ட தூக்கறேன், பாக்கறியா?" என்று கேட்டுக்கொண்டே வந்தார். டாக்டரம்மா அவர் கையில் பட்டையைக் கட்டிக் காற்றடித்தார். பார்த்தார். மறுபடியும் அடித்தார். மற்றொரு கையிலும் பார்த்தார்.

"உங்க குடும்பத்துல யாருக்காவது இதய நோய் இருக்கா?"

"நோயா? எங்க வூட்ல யாரும் ஒரு நாள் படுத்தவங்க இல்லம்மா. எங்க தாத்தா, எங்கப்பா, எங்கண்ணன், எல்லாம் நின்ன எடத்துலயே போய்ட்டாங்க" என்று அப்பா மார்பை நிமிர்த்திக்கொண்டு சொன்னார்.

"என்ன வயசுல?"

சொன்னார்.

"யாராவது பிரஷர் பாத்திருக்காங்களா?"

"அது எதுக்கும்மா பாக்கணும்? நல்லாத்தான இருந்தாங்க."

டாக்டரம்மா பேனாவை மூடி வைத்தார். "பெரியவரே, அவங்க எந்த வயசுல செத்தாங்கன்னு மட்டும்தான் உங்களுக்குத் தெரியும். எதனால செத்தாங்கன்னு தெரியாது. உங்களுக்கு ரத்தக் கொதிப்பு ரொம்ப இருக்கு. அவங்களுக்கும் இருந்திருக்கலாம். தெனமும் ஒரு மாத்திரை, உப்பக் குறைக்கணும், கருவாட்ட நிறுத்தணும்."

"கருவாடும் வேணாம்னா எதுக்கும்மா உசுரு?"

"என்கூட சண்ட போட" என்றார் அம்மா. டாக்டரம்மா சிரித்துவிட்டார்.

திரும்பி வரும் பஸ்ஸில் அப்பா ஜன்னல் ஓரம் உட்கார்ந்தார். அரியாங்குப்பம் பாலம் போனது, தவளக்குப்பம் போனது. வழக்கமாக எந்த வயலில் என்ன பயிர் என்று சொல்லிக்கொண்டே வருகிறவர் அன்று ஒரு வயலைக்கூடக் காட்டவில்லை. கிருமாம்பாக்கம் தாண்டியபோது ஜன்னலைப் பார்த்தபடியே கேட்டார்:

"அப்போ, எங்கண்ணன் செத்திருக்க வேணாம்ல?"

அப்பா துண்டை வாயில் வைத்துக்கொண்டு பாகூர் வரை அழுதார். பெரியப்பாவின் சாவுக்குக்கூட அவர் அப்படி அழவில்லை. விதி என்று நினைத்து இறக்கி வைத்த பாரம், விதி இல்லை என்று தெரிந்ததும் மறுபடி தலையில் ஏறிக்கொண்டது. அன்றைக்கு அவர் பயத்தால் மாத்திரை போட ஆரம்பித்தார் என்று உறவில் சிலர் நினைக்கிறீர்கள். நான் பக்கத்தில் இருந்தேன், சொல்கிறேன்: அவர் அண்ணனுக்காகத்தான் போட ஆரம்பித்தார். அண்ணனுக்குக் கொடுக்க முடியாத மாத்திரையை, அண்ணன் கால் வைத்த பள்ளத்தில் கால் வைக்காமல் தாண்டி, தான் விழுங்கினார்.

மாத்திரைகளை எங்கே வைப்பது? மேலே வைத்தால் எலி, கீழே வைத்தால் பிள்ளைகள். அப்பாவே ஓர் இடம் கண்டுபிடித்தார். சாய்ந்து தொங்கும் அந்தப் படத்துக்கும் சுவருக்கும் நடுவே ஓர் இடுக்கு. அட்டை மாத்திரைகளை அதில் செருகி வைத்தார். காலையில் காபி ஆனதும் போய்ப் படத்துக்குப் பின்னால் கையை விடுவார், எடுப்பார், தண்ணீர் குடிப்பார், படத்தில் இருக்கும் தன்னை ஒரு பார்வை பார்ப்பார். சாவுக்கென்று எடுத்த படம் உயிருக்குக் காவல் நின்றது.

தாத்தா போன வயதை அவர் தாண்டிய ஆண்டும் ஒரு சொர்ணவாரிதான். நடவு முடித்து வந்து, காலைக் கழுவிக்கொண்டே அம்மாவிடம் சொன்னார்: "ஏ புள்ள, இன்னிலேர்ந்து எங்கப்பன் எனக்குத் தம்பி." சொல்லிவிட்டுச் சிரித்தார். அந்தச் சிரிப்பை எப்படி எழுதுவேன்? தந்தை நடந்த பாதை முடிந்து, அதற்கு அப்பால் வரப்பே போடாத நிலத்தில் முதல் அடி வைத்த மனிதனின் சிரிப்பு. அதற்குப் பிறகு அவர் வாழ்ந்த ஒவ்வொரு பருவமும் எங்கள் குடும்பத்துக்கே புதிது. ஐம்பத்தைந்தில் ஒரு முழங்கால் எப்படி வலிக்கும், அறுபதில் கண்ணில் புரை எப்படி விழும், எழுபதில் மருமகளோடு எதற்கெல்லாம் கோபம் வரும், எதுவும் எங்களுக்குத் தெரியாது. அவர்தான் முதலில் போய்ப் பார்த்துவிட்டு வந்து சொன்னார்.

என் கல்யாணப் பேச்சையும் அவரே நிறுத்தினார். "படி. எனக்கு இன்னும் டைம் கீது" என்றார். கல்லூரி முடித்து, ஆசிரியை ஆகி, வில்லியனூருக்கு வாழ்க்கைப்பட்டுப் போன என் ஒவ்வொரு ஆண்டும் அந்த ஒரு வரியிலிருந்து முளைத்தது.

தனக்குக் கிடைத்ததை அவர் கையில் மூடி வைக்கவில்லை. மணப்பட்டிலிருந்து சைக்கிளில் எங்களுக்குக் கருவாடு கொண்டுவரும் நண்பர் ஒருவர் உண்டு, நாங்கள் மாமா என்றே அழைப்போம். அப்பா கருவாடு வேண்டாம் என்றதும் அவருக்குக் கோபம். "இன்னாப்பா, எங்க சரக்கு நாறிப் போச்சா?" என்றார். அப்பா பதிலுக்கு, "உங்கப்பன் எப்பிடிப் போனான்?" என்று கேட்டார். "கரையில வல இழுத்துக்கினு இருக்கும்போது." "நின்ன எடத்துலயா?" "ஆமா." "அப்போ கருவாட்டக் கூடையோட இங்க வையி. சட்டயப் போடு. பஸ்ஸுக்குப் போவலாம்." அந்த மாமா இப்போது எண்பதை நெருங்குகிறார். இந்த மலரை உங்கள் கையில் கொடுப்பவர்களில் அவரும் ஒருவர்.

சுற்று வட்டாரத்தில் வயது ஆகாமல் ஓர் ஆண் செத்தால் அப்பா அங்கே போய்விடுவார். மாலை போடுவார், உட்காருவார், எல்லோரும் கலைந்த பிறகு மகன்களைக் கூப்பிட்டு, "நீங்க பிரஷர் பாத்தீங்களா?" என்று கேட்பார். ஒரு வீட்டில் பெரிய மகன் எழுந்து நின்றுவிட்டான். "பொணம் எடுத்த வூட்ல இன்னா பேச்சு பேசற பெரியவரே? எங்க வூட்ல அடுத்த ஆளையும் கேக்கறியா?"

"சாவு கேக்கக் கூடாதுன்னுதான்பா நான் கேக்கறேன்" என்று சொல்லிவிட்டு அப்பா நடந்து வந்துவிட்டார். பதினாறாம் நாள் முடிந்து அதே பிள்ளை எங்கள் வாசலில் பைக்கை நிறுத்தி, இறங்காமலேயே, "எந்த ஆஸ்பத்திரின்னு சொன்னீங்க?" என்று கேட்டான். ஊரில் அப்பாவுக்குக் கிண்டல் பெயர்கள் பல வந்தன. அவர் எதையும் பொருட்படுத்தவில்லை.

இவ்வளவு செய்தவர் வீட்டிலேயே ஒருவர் அவருக்குப் பிடி கொடுக்கவில்லை. என் தம்பி.

கம்பெனியில் ஷிப்ட் வேலை, லீவு நாளில் நிலம் என்று ஓடுகிறவன். எத்தனை முறை சொல்லியும் ஆஸ்பத்திரிப் பக்கம் போகவில்லை. "தெரியாம இருந்தா நிம்மதிப்பா" என்பான். அவனுக்கு நாற்பத்தெட்டு வயது நடந்த ஆண்டு, பொங்கல் சுத்தத்தின்போது கூடத்துப் படத்தை இறக்கித் துடைத்துக்கொண்டிருந்தான். அவன் மகள் எட்டிப் பார்த்தாள்.

"அப்பா, இது நீயா?"

துடைத்த கை நின்றுவிட்டது. நானும் அப்போதுதான் பார்த்தேன். அதே நெற்றி, அதே தாடை, கண்ணுக்குக் கீழே அதே நிழல். அப்பா அந்தப் படத்திலிருந்து நரைத்து, கூன் விழுந்து, வெகுதூரம் வந்துவிட்டார். அவர் காலி செய்த முகத்துக்குள் தம்பி வந்து சேர்ந்திருந்தான். அவன் மெதுவாகப் படத்தை மாட்டிவிட்டு, "அது என் படம்க்கா" என்றான்.

சில நாள் கழித்து அவன் மகளிடம் போனைக் கொடுத்து, "வெள்ள சட்ட போட்டுக்கினு வரேன், செவுத்துக்கு முன்னால நிக்கறேன், நல்லா ஒரு போட்டோ எடும்மா. பேனருக்கு ஆவும்" என்றானாம். அந்தப் பெண் போட்டோ எடுக்காமல் தாத்தாவிடம் ஓடிவந்து அழுதாள்.

அப்பா முதலில் சிரித்தார். "எனக்குச் சட்டம் போட்டு மாட்ற காலம், இவனுக்குப் பேனரு காலம்" என்றார். பிறகு சிரிப்பு நின்றது. வெகு நேரம் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். தன் தந்தையிடமிருந்து தனக்கும், தன்னிடமிருந்து மகனுக்கும் எது இறங்கியிருக்கிறது என்று அன்றைக்குத்தான் அவருக்கு முழுதாகத் தெரிந்தது என்று நினைக்கிறேன். ரத்தத்தோடு பயமும் இறங்குகிறது. நிலம் பிரிப்பது போல அதையும் நாம் பிள்ளைகளுக்குப் பிரித்துக் கொடுத்துவிடுகிறோம்.

மறுநாள் காலை எண்பத்திரண்டு வயது அப்பா, சுவரைப் பிடித்துக்கொண்டு, "தல சுத்துதுடா. ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கினு போ" என்றார். தம்பி பதறிப்போய் லீவு சொல்லிவிட்டுக் காரில் ஏற்றினான். உள்ளே போய் டாக்டர் முன்னால் உட்கார்ந்ததும் அப்பா தன் கையை இழுத்துத் துண்டுக்குள் வைத்துக்கொண்டார்.

"எனக்கு ஒண்ணுமில்ல சார். மொதல்ல இவனுக்குப் பாருங்க."

"அப்பா, இன்னாப்பா நீ!"

"கைய நீட்டுடா. எத்தினி வயசுலயும் நான் உனக்கு அப்பன்டா."

டாக்டரம்மா பார்த்த அன்று அப்பாவுக்கு இருந்ததைவிட அவனுக்குக் கொதிப்பு அதிகமாக இருந்தது. கொஞ்சம் சர்க்கரையும் சேர்ந்திருந்தது. வெளியே இளநீர் வண்டி ஓரமாகத் தம்பி உட்கார்ந்து அழுதானாம். "இதுக்குத்தாம்பா நான் வரல" என்றானாம். அப்பா அவன் தலையில் கை வைத்துச் சொன்னதை அவனே என்னிடம் சொன்னான்:

"எங்கண்ணனுக்குக் கெடைக்காதது உனக்குக் கெடச்சிருக்குடா."

"இன்னாது, நோவா?"

"நோவு அதுக்கும் இருந்துச்சி. நோவோட பேரு கெடைக்கல. உனக்குக் கெடச்சிருக்கு. அழுதா அழு. எளநியில உப்பு இல்ல, குடி."

அன்று மாலை படத்துக்குப் பின்னால் இரண்டாவது அட்டையும் ஏறியது. அதற்குப் பிறகு எங்கள் வீட்டுக் காலை இப்படித்தான் விடியும்: காபி டம்ளர் சத்தம், அப்பாவின் கனைப்பு, பிறகு அவர் குரல், "மாத்தர போட்டியா?" தம்பி ஷிப்டில் இருந்தால் போனில் கேட்பார். அவன் எரிந்து விழுந்தாலும் கேட்பார். நான் வில்லியனூரிலிருந்து போன் செய்தால் என்னையும் கேட்பார். எனக்கு எந்த நோயும் இல்லை என்றால், "அது உங்கம்மா வூட்டுச் சீரு. இருந்தாலும் பாத்துக்க" என்பார். அம்மா பக்கத்திலிருந்து, "இப்பவாவது ஒத்துக்கினாரே" என்பது கேட்கும்.

அவருடைய ஆயுளில் எவ்வளவு மாத்திரை, எவ்வளவு அம்மாவின் சண்டை, எவ்வளவு அவர் எலும்பிலேயே இருந்தது என்று பிரித்துச் சொல்ல எனக்குத் தெரியாது. தாத்தாவின் எலும்பிலும் அது இருந்திருக்கலாம், யாரும் கேட்காததால் போயிருக்கலாம். ஒன்று மட்டும் தெரியும். எங்கள் வீட்டில் தந்தை மகனுக்குக் கொடுத்துவந்தது ஒரு முடிகிற வயது. அப்பா அதை வாங்கிக்கொண்டார். தன் மகனுக்குத் தரும்போது அதை ஒரு கேள்வியாக மாற்றித் தந்தார்.

போன ஆண்டு அவர் மெல்ல மெல்ல ஒடுங்கினார். எந்த நோயும் அவரைத் தள்ளவில்லை. விளைந்த பயிர் தானாகத் தலை சாய்வது போலச் சாய்ந்தார். எங்கள் வம்சத்தில் படுத்துக் கிடந்து, பிள்ளைகள் கையால் கஞ்சி குடித்து, மருமகளிடம் திட்டு வாங்கிப் போன முதல் ஆண் அவர்தான். அதை நான் பெருமையாகவே எழுதுகிறேன்.

கல்யாணச் சாவாகத்தான் எடுத்தோம். மேளமும் வெடியும் உண்டு. பந்தம் சுற்ற வந்த பெரியவர் துணியைக் கிழித்தபடி, "எத்தினி பேருக்கும்மா?" என்று கேட்டார். தலை கலைந்து உட்கார்ந்திருந்த அம்மா நிமிர்ந்தார். "எண்ணிக்கினு இருக்காதய்யா. நெறையா சுத்து. இந்த வூட்ல இப்பத்தான் மொத தடவ." பெரியப்பாவின் மகன், எங்கள் அண்ணன், தன் பேரப்பிள்ளைகளையும் வரிசையில் நிறுத்தினார். "எங்கப்பாவுக்குப் புடிக்க ஆளு இல்லாம போச்சி. சித்தப்பாவோட சேத்து அவருக்கும் புடிக்கறோம்" என்றார். கூடியிருந்தவர்கள் அங்கேதான் உடைந்தார்கள். நெய் எரிந்த வாசனை தெருமுனை வரை போனது.

இந்த மலரின் முகப்பில் நீங்கள் பார்ப்பது அவர் எண்பது தாண்டி, கொள்ளுப்பேத்தியின் மொட்டைத் தலையைத் தடவிக்கொண்டு, பல் இல்லாமல் சிரிக்கும் படம். மாலை இதற்குத்தான் போட்டிருக்கிறோம். கூடத்துப் படத்துக்கு மாலை வேண்டாம் என்றார் அம்மா. "அதுல இருக்கறவருக்கு இன்னும் வயசு கெடக்குது" என்றார். தம்பியின் மாத்திரை இன்றும் அதன் பின்னால்தான் இருக்கிறது.

படுக்கையில் அப்பாவைக் குழந்தை போலப் பார்த்துக்கொண்ட தம்பி மனைவிக்கும், வீட்டுக்கே வந்து ஊசி போட்டுப் போன நர்சம்மாவுக்கும், எடுத்த நாளில் அடுப்பு மூட்டாத எங்களுக்குச் சோறு கொண்டுவந்த செலியமேட்டுத் தெருவுக்கும், தோள் கொடுத்தவர்களுக்கும், மணப்பட்டு மாமாவுக்கும், முகம் மறந்துபோன அந்த டாக்டரம்மாவுக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது. அவரிடம் கோபப்பட்டு, பிறகு பிரஷர் பார்த்துக்கொண்ட எல்லா வீடுகளையும் கும்பிடுகிறோம். இன்னும் பார்க்காதவர்கள் இந்த மலரை மடித்து வைத்துவிட்டு முதல் வேலையாகப் போய்ப் பாருங்கள். அவருக்கு நீங்கள் செய்யும் படையல் அதுவே.

அவர் போன காலையைச் சொல்லிவிட்டு முடிக்கிறேன்.

அப்பாவுக்கு இனி மாத்திரை தேவையில்லை என்று முந்தைய நாளே டாக்டர் சொல்லிவிட்டார். தம்பி விடியலிலிருந்து அவர் கையைப் பிடித்தபடி கட்டில் ஓரத்தில் உட்கார்ந்திருந்தான். அம்மா கால்மாட்டில். நான் காபி டம்ளரோடு வாசற்படியில். வெயில் ஜன்னல் வழியாகக் கூடத்துச் சுவருக்கு ஏறிக்கொண்டிருந்தது. அப்பா கண்ணைத் திறந்தார். எங்களை எல்லாம் தாண்டித் தம்பியை மட்டும் தேடினார்.

"மாத்தர போட்டியா?"

தம்பியால் பொய் சொல்ல முடியவில்லை. "இன்னும் இல்லப்பா. அப்புறமா போட்டுக்கறேன். உன் கைய வுட்டுட்டு எங்க போவ?"

அப்பா தன் கையை, மெல்ல, அவன் கையிலிருந்து எடுத்துக்கொண்டார்.

"போயி போட்டுட்டு வாடா. நான் எங்கயும் போவல."